யமேக்காவின் ஸ்கா இசையும் றொக்ஸ்ரெடி இசையும்: ஒரு வரலாற்று அறிமுகம்

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் ஆட்சி மாற்றங்களையும் போர்களையும் பொருளாதார நிலையையுமே முதற்கண் ஆராய்வர். இசை பற்றிய செய்தி நூலின் இறுதி அத்தியாயத்தில் ஓரிரு பந்திகளுள் அடங்கிவிடுவது வழக்கம். யமேக்காத் தீவின் அண்மைக்காலச் சரித்திரத்தை இம்முறையில் எழுதினால் அதன் உயிர்நிலை விடுபட்டுப் போகும். 1962 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 6 ஆந் திகதி பிரித்தானிய ஆட்சியினின்றும் விடுதலை பெற்ற அத்தீவு, தன் கொடியையும் தேசிய கீதத்தையும் பெற்ற அதே காலப்பகுதியில் தனக்கே உரியதோர் இசையையும் பெற்றது. கொடியையும் கீதத்தையும் தேர்ந்தெடுத்தற்கு அறிஞர் குழுக்கள் இருந்தன. இசையைத் தேர்ந்தெடுத்தற்கு எக்குழுவும் இருந்ததில்லை.

பொப் மாளி என்னும் பெயரையும் றெகே என்னும் இசையையும் அறியாதார் இன்று அரியர். ஆயின் றெகே என்னும் பெயர் 1968 ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வருமுன்னர், ஏறக்குறையப் பத்தாண்டு காலம் ஸ்கா, றொக்ஸ்ரெடி என்னும் இருவகை இசைகள் அத்தீவில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி வளர்ந்தன. அவற்றை ஆக்கியோர் யாவர்? எந்நிலையில் நின்று ஆக்கினர்? ஆக்கியதனால் அவர் அடைந்த பயன் யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவும் அதன் பழைய இசையும்

கரிபியன் கடலில் கியூபாவிற்குத் தெற்கே அமைந்துள்ளது யமேக்கா. கொலம்பசு 1494 ஆம் ஆண்டில் அதனை அடைந்தான். ஸ்பானியரிடமிருந்து ஆங்கிலேயர் அதனை 1655 ஆம் ஆண்டிற் கைப்பற்றினர். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென ஆபிரிக்காவிலிருந்து மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1834 ஆம் ஆண்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதெனினும், பயிற்சித் தொழிலாளர் என்னும் பெயரால் நீடித்த கட்டுப்பாடு நீங்கி முழு விடுதலை கிட்டியது 1838 ஆம் ஆண்டிலேயாம்.

இம்மக்கள் தம் முன்னோரின் தாள முறைகளை முற்றும் மறந்தாரல்லர். குமீனா முதலிய சடங்குகளிலும், புறு எனப்படும் முரசு வாசிப்பிலும் ஆபிரிக்கத் தாளங்கள் நிலைத்தன. தேவாலயங்களிற் பாடிய பாட்டுக்களும், ஆங்கிலேயரின் நடன இசையும், வயலிற் பாடிய தொழிற் பாட்டுக்களும் இவற்றோடு கலந்தன. இக்கலப்பிற் பிறந்த நாட்டுப்புற இசை மென்ரோ எனப்படும். கித்தார், பஞ்சோ ஆகிய நரம்புக் கருவிகளும், பெட்டியொன்றின் மீது உலோக நாக்குகளைப் பொருத்தி விரலால் மீட்டும் றும்பாப் பெட்டியும் அதற்குரியன. 1950 களின் தொடக்கத்தில் ஸ்ரான்லி மொற்றா என்னும் வணிகர் கிங்ஸ்ரன் நகரில் மென்ரோப் பாடல்களை இசைத்தட்டுக்களாகப் பதிவு செய்தார். ஆயினும் நகரத்து இளைஞர் மென்ரோவை நாட்டுப்புறத்தார்க்கும் உல்லாசப் பிரயாணிகளுக்கும் உரியதெனக் கருதி ஒதுங்கினர். அவர்தம் செவி வேறிடத்தை நாடியிருந்தது.

நடன முற்றங்கள்

நிலமும் தொழிலும் இன்றி நாட்டுப்புறங்களிலிருந்து வந்தோர் கிங்ஸ்ரனின் மேற்குப் பகுதியிற் செறிந்து வாழ்ந்தனர். நகரத்து விடுதிகளில் ஜாஸ் இசை வாசித்த பெரிய வாத்தியக் குழுக்களைக் கேட்டற்கு இவரிடம் பணமில்லை. வீட்டில் இசைப்பெட்டி வைத்திருக்கவும் வசதியில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதி வானொலி நிலையங்கள் இரவிற் பரப்பிய றிதம் அன்ட் புளூஸ் என்னும் கறுப்பின மக்களின் இசையே இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அவ்விசையைப் பலர் ஒருங்கு கூடிக் கேட்கவும் ஆடவும் வகை செய்தவை சவுண்ட் சிஸ்ரம் எனப்பட்ட நடமாடும் ஒலிபெருக்கித் தொகுதிகளாகும். ஆளுயர மரப்பெட்டிகளில் ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, திறந்த முற்றங்களில் வைத்து, இசைத்தட்டுக்களை முழங்கச் செய்வர். நுழைவுக் கட்டணத்தோடு, அங்கு விற்கப்படும் குடிவகைகளும் உணவும் வருவாய் தந்தன.

1950 களின் முற்பகுதியில் இத்துறையில் முதன்மை பெற்றிருந்தவர் ரொம் த கிறேற் செபஸ்ரியன் என்னும் பெயர் பூண்ட ரொம் வொங். அவருக்குப் பின் மூவர் பெயர் பெற்றனர். ஒருவர் முன்னாட் பொலிசு உத்தியோகத்தரும் மதுபானக்கடை உரிமையாளருமான டியூக் றீட். மற்றொருவர் கிளெமென்ற் டொட். இவரைக் கொக்ஸன் என்றே மக்கள் அழைத்தனர். அமெரிக்கத் தோட்டங்களிற் பருவகாலத் தொழிலாளியாகச் சென்ற காலத்தில் இசைத்தட்டுக்களைத் தேடி வாங்கி வந்தவர் இவர். மூன்றாமவர் செசில் கம்பல் என்னும் இயற்பெயருடைய பிறின்ஸ் பஸ்ரர்.

இவர்களிடையே நிலவிய போட்டி கடுமையானது. பிறரிடம் இல்லாத தட்டு எவனிடம் உளதோ அவனுடைய முற்றமே நிரம்பும். ஆதலின் தட்டின் மேல் ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, பாடலுக்குத் தாமே ஒரு பெயர் சூட்டுவதும் உண்டு. வில்லிஸ் ஜக்சன் என்னும் அமெரிக்கக் கலைஞரின் தட்டொன்று இவ்வாறு 'கொக்ஸன் ஹொப்' ஆயிற்று.

இந்நிலையில், 1950 களின் பிற்பகுதியில் அமெரிக்க மக்களின் சுவை றொக் அன்ட் றோல் இசையை நோக்கித் திரும்பவே, கிங்ஸ்ரன் மக்கள் விரும்பிய பழைய பாங்கிலான தட்டுக்கள் அருகின. வாங்குதற்குக் கிடையாத பொருளைத் தாமே ஆக்கிக்கொள்வதன்றி ஒலிபெருக்கி உரிமையாளர்க்கு வேறு வழியில்லாது போயிற்று. கென் கூரி என்பார் நிறுவிய பெடரல் இசைத்தட்டு நிறுவனம் தீவிலேயே தட்டுப் பதிக்கும் வசதியை 1954 ஆம் ஆண்டளவில் ஏற்படுத்தியிருந்தது. உள்ளூர்ப் பாடகரையும் வாத்தியக்காரரையும் அழைத்துப் பதிவு செய்த பாடல்கள், தொடக்கத்தில் அவ்வுரிமையாளரின் முற்றத்தில் மட்டும் ஒலித்தன. மக்கள் அவற்றை விலைக்குக் கேட்கவே, கடைகளுக்கும் வந்தன. தியோபிலஸ் பெக்போட்டின் 'ஈசி ஸ்னப்பின்', லோறல் ஐற்கனின் 'பூகி இன் மை போன்ஸ்' ஆகியன 1959 ஆம் ஆண்டளவிற் புகழ் பெற்ற முன்னோடித் தட்டுக்களாம். ஆகவே ஒரு நாட்டின் இசை மரபொன்று, இறக்குமதிப் பண்டம் ஒன்றன் தட்டுப்பாட்டிலிருந்து தோன்றியதெனின் அது மிகையாகாது.

அல்பாப் பாடசாலை

பாடுவோர் நகரின் ஒவ்வொரு தெருவிலும் இருந்தனர். ஊதுகருவிகளைத் தேர்ச்சியோடு வாசிப்போர் எங்கிருந்து வந்தனர்? இவ்வினாவிற்கு விடை ஒரு பாடசாலையின் வரலாற்றில் உள்ளது.

ஆதரவற்ற சிறார்க்கென 1880 ஆம் ஆண்டில் ஜெசி றிப்போல் என்னும் அம்மையார் கிங்ஸ்ரனில் தொடக்கிய அல்பா இல்லத்தைப் பின்னர்க் கத்தோலிக்கக் கன்னியர் பொறுப்பேற்று நடத்தினர். தச்சுவேலை, தையல், அச்சுத்தொழில் ஆகியவற்றோடு வாத்திய இசையும் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு தொழிலாகவே கற்பிக்கப்பட்டது. இசையெழுத்தைப் பார்த்தவுடன் வாசிக்கும் பயிற்சியும் கடுமையான ஒழுங்கும் அங்கிருந்தன. அங்கு கற்று வெளியேறியோர் பலர் இராணுவ வாத்தியக் குழுவிலும் விடுதிகளின் ஜாஸ் குழுக்களிலும் இடம் பெற்றனர். 1939 ஆம் ஆண்டு முதல் அங்கு பணிபுரிந்த மேரி இக்னேசியஸ் என்னும் கன்னியர், மாணவரின் இசையார்வத்தைப் பேணி வளர்த்தார்; தாமே இசைத்தட்டுக்களைத் தொகுத்து, மாணவர் கேட்கும்படி ஒலிக்கச் செய்தார். அவர் 2003 ஆம் ஆண்டிற் காலமாகும்வரை அப்பணி நீடித்தது.

சக்ஸபோன் கலைஞர் ரொமி மக்குக், லெஸ்ரர் ஸ்ரேளிங், ரம்பெற் கலைஞர் ஜொனி மூர், ரொம்போன் கலைஞர்களான டொன் ட்றமண்ட், றிக்கோ றொட்றிகெஸ் ஆகியோர் அனைவரும் அல்பாவின் பிள்ளைகளே. இவருள் றிக்கோவுக்கு அப்பாடசாலையிலேயே கற்பித்த மூத்த மாணவர் ட்றமண்ட் ஆவார். கையிற் காசின்றி வந்த பிள்ளைகட்கு ஒரு பாடசாலை அளித்த பயிற்சி, ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் குரலாயிற்று. கல்வியின் பயனை உடனே கிடைக்கும் பெறுபேறுகளால் மட்டும் அளக்கும் வழக்கமுடையோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

ஸ்கா

ஸ்கா என்னும் சொல்லின் பிறப்புப் பற்றி ஒருமித்த கருத்தில்லை. கித்தாரின் வெட்டொலியைக் குறிக்கும் ஒலிக்குறிப்பே அது என்பர் சிலர். பேஸ் வாத்தியக் கலைஞர் குளூவெற் ஜோன்சன் நண்பரை விளித்த சொல்லொன்றின் குறுக்கம் என்பர் வேறு சிலர். பெயர் எவ்வாறாயினும் அதன் இலக்கணம் தெளிவானது. விரைந்த காலப்பிரமாணத்தில் நான்கு அட்சரங்களைக் கையால் தட்டுவோமாயின், தட்டுக்கும் தட்டுக்கும் இடையேயுள்ள அரை இடத்திலே கித்தாரும் பியானோவும் வெட்டி ஒலிக்கும். பேஸ் வாத்தியம் அட்சரந்தோறும் நடைபோடும். முரசு இரண்டாம் நான்காம் அட்சரங்களை அழுத்தும். இவற்றின் மேல் ஊதுகருவிகள் கூட்டாக முழங்கியும், தனித்தனியே கற்பனை செய்தும் செல்லும். அமெரிக்க இசையிலே ஒதுங்கி நின்ற அரையிட ஓசையை யமேக்கர் முன்னிறுத்தினர். ஆடுவோரின் உடல் அதற்கேற்ப முன்னும் பின்னும் அசைந்தது.

இவ்விசையில் மூதாதையரின் முரசும் இடம் பெற்றமை குறிப்பிடத்தக்கது. எதியோப்பியப் பேரரசர் ஹெயிலி செலாசி 1930 ஆம் ஆண்டில் முடிசூடிய பின்னர், அவரைத் தெய்வமெனக் கொண்ட றஸ்ரபாரி நெறி யமேக்காவின் ஏழை மக்களிடையே பரவிற்று. மேட்டுக்குடியினர் இவரை வெறுத்தனர். வானொலியில் இவர்க்கு இடமில்லை. ஆயினும் கிங்ஸ்ரனுக்குக் கிழக்கேயுள்ள வறீக்கா மலைச்சாரலில் வாழ்ந்த கவுண்ற் ஒசி என்னும் றஸ்ரபாரி முரசுக் கலைஞரைத் தேடிச் சென்று அழைத்து வந்தார் பிறின்ஸ் பஸ்ரர். போக்ஸ் சகோதரர் பாட, ஒசி குழுவினர் முரசறைய, 1960 ஆம் ஆண்டளவிற் பதிவான 'ஓ கறொலைனா' அம்மக்களின் தாளத்தை நாடறியச் செய்தது.

விடுதலை வந்த ஆண்டிலே டெறிக் மோகன் பாடிய 'போவேட் மார்ச்' எங்கும் ஒலித்தது. 1963 ஆம் ஆண்டிற் கிளெமென்ற் டொட் பிறென்ற்போட் வீதியிலே ஸ்ரூடியோ வன் என்னும் ஒலிப்பதிவு நிலையத்தைத் திறந்தார். அடுத்த ஆண்டில் அல்பாவின் பழைய மாணவர் சிலரும், ரெனர் சக்ஸபோன் கலைஞர் றோலன்ட் அல்போன்சோ, பியானோக் கலைஞர் ஜக்கி மிற்றூ, பேஸ் கலைஞர் லொயிட் பிறெவெற், முரசுக் கலைஞர் லொயிட் நிப் முதலியோரும் ஒன்றுகூடி ஸ்கற்றலைற்ஸ் என்னும் குழுவை அமைத்தனர். அக்குழு நிலைத்திருந்தது 1964 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து 1965 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் வரையே. ஏறக்குறையப் பதினான்கு மாதங்கள்! அக்குறுகிய காலத்திற் பிறர் பாடல்களுக்குப் பின்னணியாகவும் தனி வாத்திய இசையாகவும் அவர் பதிவு செய்தவை ஸ்காவின் உச்சநிலையைக் காட்டுவன.

அக்குழுவின் மேதை ட்றமண்ட் என்பதில் ஐயமில்லை. அவர்தம் ஆக்கங்களில் ஆடற்களிப்பின் அடியிலே ஆழ்ந்த துயரொன்று ஒலிக்கும். மனநோயால் நெடுங்காலம் வருந்திய அவர், 1965 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் துணைவியும் நடன மாதுமான அனிற்றா மஹ்பூட்டைக் கொலை செய்தார். மார்கறிற்றா என்னும் மேடைப்பெயரால் அறியப்பட்ட இப்பெண்மணி றஸ்ரபாரி முரசுக் கலைஞரை மேடையேற்ற முன்னின்றவர். கலைஞனின் மேதைமையைப் புகழும்போது அவர்க்கு நேர்ந்த கொடுமையை மறைத்தல் சரித்திர நேர்மையாகாது. மனநோய் மருத்துவமனையிற் சிறைவைக்கப்பட்ட ட்றமண்ட் 1969 ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கேயே இறந்தார்.

மேட்டுக்குடியினர் இவ்விசையைச் சேரிகளின் ஆரவாரமெனப் புறக்கணித்து வந்தனர். அதன் வருவாயும் புகழும் தெரியவரவே நிலைமை மாறிற்று. 1964 ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ஸ்காவை யமேக்காவின் இசையென அறிமுகம் செய்ய அரசினர் ஒரு குழுவை அனுப்பினர். அக்காலத்தில் இதற்குப் பொறுப்பான அமைச்சர் எட்வேட் சீகா. முன்னர் நாட்டுப்புற இசையை ஆராய்ந்தவரும் இசைத்தட்டு நிறுவனம் நடத்தியவருமாகிய இவர், 1980 ஆம் ஆண்டிற் பிரதம மந்திரியானார். பின்னணி வாசிக்கச் சென்றது நகரத்து மேட்டுப்பகுதி விருந்துகளில் வாசித்துப் பழகிய பைறன் லீயின் குழு. ஸ்காவை ஆக்கிய ஸ்கற்றலைற்ஸ் குழுவினர் அல்லர். ஜிமி கிளிப், பிறின்ஸ் பஸ்ரர் முதலிய பாடகர் உடன் சென்றனரெனினும், ஆக்கியோரை விடுத்து அடக்கமானவரை அனுப்பினர் என்னும் மனக்குறை இசைவாணரிடையே நெடுங்காலம் நிலவிற்று.

றொக்ஸ்ரெடி

விடுதலையோடு வந்த நம்பிக்கை விரைவில் மங்கிற்று. தொழிலற்ற இளைஞர் மேற்குக் கிங்ஸ்ரனின் தெருக்களிற் கூட்டங்கூட்டமாக நின்றனர். கத்தியும் துப்பாக்கியும் ஏந்திய இவரை மக்கள் றூட் போய் என்றனர். மாளியும் பீற்றர் ரொஷும் பணி லிவிங்ஸ்ரனும் உள்ளிட்ட வெயிலர்ஸ் குழுவின் முதற்பெரும் வெற்றியாகிய 'சிமர் டவுன்', இவ்விளைஞரை அமைதி கொள்ளுமாறு வேண்டுவதாகும். 1966 ஆம் ஆண்டில் பக்கோவோல் என்னும் சேரி இடித்துத் தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் மேற்குக் கிங்ஸ்ரனில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது.

அதே ஆண்டில் இசையின் நடை தளர்ந்தது. அவ்வாண்டுக் கோடையின் வெப்பத்தால் விரைந்து ஆட இயலாமற் போனமையே காரணமெனப் பலர் கூறுவர். ஹோப்ரன் லூயிஸ் என்னும் இளைஞர் 'ரேக் இற் ஈசி' என்னும் பாடலைப் பதிவு செய்கையில், விரைந்த நடையோடு ஒத்துப் பாட இயலாது அதனைத் தளர்த்துமாறு கேட்டார் என்பதும் வழங்கும் செய்தி. ஆயினும் ஒரு காரணத்தால் மட்டும் ஓர் இசை மாறுவதில்லை. ஸ்கற்றலைற்ஸ் கலைந்தபின் பெரிய ஊதுகருவிக் குழுவினர்க்குப் பணங்கொடுக்க வெளியீட்டாளர் தயங்கினர். அமெரிக்க சோல் இசையின் கூட்டுக்குரற் பாடல்கள் இளைஞரைக் கவர்ந்தன. முற்றங்களில் அச்சம் புகுந்தமையால் ஆடுவோரும் நின்ற நிலையில் மெல்ல அசைந்தாடலாயினர். இவையனைத்தும் ஒருங்கே கூடியமையால் மாற்றம் நிகழ்ந்தது என்பதே பொருத்தமாம். 1967 ஆம் ஆண்டில் அல்ரன் எல்லிஸ் பாடிய பாடலொன்று இப்புதிய வகைக்கு றொக்ஸ்ரெடி என்னும் பெயரை நிலைநிறுத்திற்று.

காலப்பிரமாணம் தளரவே, ஓசைகளுக்கிடையே வெளி பிறந்தது. அவ்வெளியை நிரப்பியது பேஸ் வாத்தியம். முன்போல அட்சரந்தோறும் நடைபோடாது, சிறு சொற்கட்டுக்களை வாசித்து, இடையிடையே மௌனங் காத்து, பாடலின் தலைமையையே அது ஏற்றது. திரினிடாட் தீவிலிருந்து வந்த லின் ரெயிற் என்னும் கித்தார்க் கலைஞர், பேஸ் வாசிப்பதை ஒட்டித் தாமும் மீட்டும் முறையைப் பரப்பினார். ஊதுகருவிகள் பின்னே ஒதுங்க, மூவர் சேர்ந்து பாடும் கூட்டுக்குரல் முன்னே வந்தது. பறகன்ஸ், ஹெப்ரோன்ஸ், மெலோடியன்ஸ், ரெக்னிக்ஸ் முதலிய குழுக்கள் இக்காலத்தவை. மதுபானக்கடையின் மேன்மாடியில் டியூக் றீட் அமைத்திருந்த ரெஷர் ஐல் நிலையமே இவ்வகையின் தலைமையிடமாயிற்று. அங்கு வாசித்த குழுவின் தலைவர் அல்பாவின் மாணவரான ரொமி மக்குக்.

காதலும் பிரிவும் பெரும்பாலான பாடல்களின் பொருள். எனினும் தெருவின் கலவரமும் பாட்டிற் புகுந்தது. பிறின்ஸ் பஸ்ரர் தம் 'ஜட்ஜ் ட்றெட்' பாட்டில் நீதிபதியாகத் தாமே வேடம் பூண்டு, கொடிய இளைஞருக்கு நூற்றாண்டுக் கணக்கிற் சிறைத்தண்டனை விதிக்கிறார். டெஸ்மன்ட் டெக்கரின் '007' என்னும் பாடல் அவ்விளைஞரின் கலகத்தைச் சித்திரிப்பது. றொக்ஸ்ரெடியின் ஆயுள் இரண்டாண்டே. 1968 ஆம் ஆண்டில் மேயிற்றல்ஸ் குழுவினர் பாடிய பாடலொன்று றெகே என்னும் பெயரை இசைத்தட்டிற் பொறித்தது. ஆயினும் றெகே இசையின் முதுகெலும்பாகிய பேஸ் நடை றொக்ஸ்ரெடி தந்த செல்வமேயாகும்.

கடல் கடந்த இசை

1948 ஆம் ஆண்டிற்குப் பின் தொழில் தேடி இங்கிலாந்து சென்ற மேற்கிந்தியர் தம் இசையையும் உடன் கொண்டு சென்றனர். அங்கு 1960 ஆம் ஆண்டிற் தொடங்கிய புளூபீற் என்னும் இசைத்தட்டு முத்திரையின் பெயரே ஸ்காவிற்கு மறுபெயராயிற்று. 1964 ஆம் ஆண்டில் மிலி ஸ்மோல் என்னும் யமேக்க இளம்பெண் பாடிய 'மை போய் லொலிபொப்' பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை அடைந்தது. யமேக்கக் கித்தார்க் கலைஞர் ஏர்ணஸ்ற் றாங்லின் அதற்கு இசையமைப்பு ஒழுங்கு செய்தார்.

1979 ஆம் ஆண்டில் கொவென்றி நகரத்து இளைஞர், வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாய்ச் சேர்ந்து, ரூ ரோன் என்னும் முத்திரையின் கீழ் ஸ்காவைப் புதுப்பித்தனர். இனப்பகை முற்றியிருந்த அந்நாளில் இருநிறத்தார் ஒரே மேடையில் நின்றதே ஒரு செய்தியாயிற்று. 1967 ஆம் ஆண்டில் டன்டி லிவிங்ஸ்ரன் றூடியை விளித்துப் பாடிய பாடலை ஸ்பெஷல்ஸ் குழுவினர் மீண்டும் பதிவு செய்தபோது ரொம்போன் வாசித்தவர், முதற்பதிவிலும் வாசித்த அதே றிக்கோ றொட்றிகெஸ். அல்பாவின் வாத்திய அறையிற் பயின்ற மூச்சு, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அதே பாட்டில் ஒலித்தது.

முடிவுரை

இனி, தொடக்கத்தில் எழுப்பிய மூன்றாம் வினாவிற்கு வருவாம். ஆக்கியோர் பெற்ற பயன் யாது? பதிவு செய்த நாளில் கொடுக்கப்பட்ட கூலியே பெரும்பாலார்க்குக் கிடைத்த முழு ஊதியம். தட்டு எத்துணை விற்பினும் வாத்தியக்காரர்க்குப் பங்கில்லை. ஆக்கியோன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெளியிட்டோன் பெயர் பொறித்த தட்டுக்களும் பல. 'ஓ கறொலைனா' 1993 ஆம் ஆண்டில் ஷாகி என்னும் பாடகரால் மீண்டும் பாடப்பெற்றுப் பிரித்தானியாவில் முதலிடம் எய்திய பின்னரே, அதன் உரிமை யாருக்கென்னும் வழக்கு இலண்டன் நீதிமன்றத்திற்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேற் கழித்து, 1994 ஆம் ஆண்டில், ஜோன் போக்ஸுக்குச் சார்பாகத் தீர்ப்புக் கிடைத்தது. வழக்கிட வாய்ப்பின்றியே மறைந்தோர் பலர்.

வெளியீட்டாளரைக் குறை கூறி அமைதலும் முறையன்று. டொட், றீட், பஸ்ரர் ஆகியோர் துணிந்து பணமிட்டிராவிடின் இவ்விசை பதிவாகியே இராது. 2004 ஆம் ஆண்டிற் பிறென்ற்போட் வீதிக்கு ஸ்ரூடியோ வன் என்னும் பெயர் சூட்டப்பட்டது. அச்சிறப்பைக் கண்ட சில நாட்களில் டொட் காலமானார். 2018 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் யமேக்காவின் றெகே இசையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைகளுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. சேரியின் ஆரவாரம் என இகழப்பட்டது, உலகப் பொதுச்செல்வம் எனப் போற்றப்பட்டது.

இப்பெருமை வந்து சேர்ந்தபோது அதற்குரியோருட் பலர் உயிரோடில்லை. ஆகலின், இவ்விசையை இன்று கேட்போர் பாடகன் குரலோடு நின்றுவிடாது, அதன் பின்னே ஒலிக்கும் ரொம்போனையும் சக்ஸபோனையும் முரசையும் செவிமடுத்தல் வேண்டும். அவற்றை வாசித்தோர் பெயர் பல தட்டுக்களில் இல்லை. அப்பெயர்களை அறிந்து சொல்லுதலே சரித்திர மாணவன் அவர்க்குச் செலுத்தக்கூடிய கடன்.